பின்னத்தால் வகுத்தல்: புரட்டுவதற்கு முன் கேட்க வேண்டியது

பின்னத்தால் வகுக்கும் கணக்கைப் பலருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உறவுப் பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் என்று எல்லா வயதினரும் உண்டு. அநேகமாக எல்லோருக்கும் விதி மனப்பாடம்: இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும். விடையும் சரியாக வந்துவிடும். "இந்த விடை எதைச் சொல்கிறது?" என்று கேட்டால்தான் பேச்சு நின்றுபோகும்.

என் அக்கா மகள் ஒருநாள் 6 ÷ 1/2 = 12 என்று எழுதி முடித்துவிட்டு நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, வகுத்தால் குறையத்தானே வேண்டும்? இது ஏன் இரண்டு மடங்காகிறது?" என்றாள்.

அருமையான கேள்வி. விதியை இன்னொரு முறை உரக்கச் சொல்வது இதற்குப் பதிலாகாது. "அப்படித்தான், போட்டுக்கொண்டு போ" என்றால் கேட்கும் பழக்கமே நாளடைவில் பிள்ளையிடமிருந்து போய்விடும். அதைவிடப் பெரிய நஷ்டம் கணக்கில் இல்லை. ஆகவே பின்னத்தை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, அவளுக்கு நன்றாகத் தெரிந்த 12 ÷ 3-க்குத் திரும்பினோம்.

12 ÷ 3 என்பதை இரண்டு விதமாகப் படிக்கலாம். 12 பென்சில்களை 3 பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு எத்தனை என்பது ஒன்று. 12 பென்சில்களை மூன்று மூன்றாகக் கட்டினால் எத்தனை கட்டு என்பது இன்னொன்று. விடை இரண்டுக்கும் 4தான், ஆனால் முதல் 4 பென்சில்களின் எண்ணிக்கை, இரண்டாவது 4 கட்டுகளின் எண்ணிக்கை. பிள்ளைகள் பெரும்பாலும் முதல் வகையில்தான் வகுத்தலைக் கற்றுக்கொள்கிறார்கள். பங்கு போடுவது என்றால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது மொத்தத்தைவிடக் குறைவாகத்தானே இருக்கும்? "வகுத்தால் குறையும்" என்ற எண்ணம் அங்கேதான் ஊன்றிப்போகிறது. அரை ஆளுக்குப் பங்கு போடச் சொன்னால் மனம் திகைத்து நிற்பதும் அதனால்தான்.

ஆகவே பின்னத்தால் வகுக்கும்போது முதலில் கட்டுக் கேள்வியைக் கேட்கப் பழக்குகிறேன்: இதற்குள் அது எத்தனை முறை அடங்கும்? 6 மீட்டர் கயிற்றில் அரை மீட்டர் எத்தனை முறை அடங்கும்? ஒவ்வொரு மீட்டரிலும் இரண்டு, ஆகவே 12. குறையவும் இல்லை, கூடவும் இல்லை. கயிறு அதே 6 மீட்டர்தான். 12 என்பது துண்டுகளின் எண்ணிக்கை. இதைச் சொன்னதும் அவள், "அப்படியென்றால் துண்டு சிறிதாகச் சிறிதாக எண்ணிக்கை கூடும், அவ்வளவுதானே!" என்றாள்.

அதை அப்படியே ஒரு வரிசையாக எழுத வைத்தேன். 6 ÷ 6 = 1, 6 ÷ 3 = 2, 6 ÷ 2 = 3, 6 ÷ 1 = 6, 6 ÷ 1/2 = 12, 6 ÷ 1/4 = 24. இந்த வரிசையை ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்ப்பது மிகவும் பயன்தரும். வகுக்கும் எண் இறங்க இறங்க ஈவு ஏறுகிறது. 1-ஐத் தாண்டிக் கீழே போகும் இடத்தில் புதிதாக எதுவும் நடந்துவிடவில்லை. அதே ஓட்டம் தொடர்கிறது. 1-க்குக் கீழே உள்ள எண்ணால் வகுத்தால், தொடங்கிய எண்ணைவிடப் பெரிய விடை வந்தே ஆக வேண்டும் என்பது இங்கே தானாகப் பிடிபடும்.

அடுத்து 6 ÷ 3/4. இங்கேதான் விதி பிறக்கிறது. அவசரப்படாமல் நின்று பார்க்க வேண்டிய இடம். 6 மீட்டரில் கால் மீட்டர்த் துண்டுகள் 24 என்று ஏற்கெனவே தெரியும். முக்கால் மீட்டர் என்பது மூன்று கால்கள் சேர்ந்தது. ஆகவே 24 கால்களை மூன்று மூன்றாகச் சேர்த்தால் 8. என்ன செய்தோம்? 4ஆல் பெருக்கினோம், 3ஆல் வகுத்தோம். அதாவது 4/3ஆல் பெருக்கினோம். புரட்டுவது என்று சொல்கிறோமே, அது இந்த இரண்டு செயல்களின் சுருக்கெழுத்துதான். பகுதியால் பெருக்குவது சிறு துண்டுகளாக்குகிறது. தொகுதியால் வகுப்பது அந்தத் துண்டுகளைக் கட்டுகளாகச் சேர்க்கிறது. இதை ஒருமுறை கையால் செய்துவிட்ட பிள்ளை, எந்தப் பின்னத்தைப் புரட்டுவது என்று பிறகு தடுமாறி நான் பார்த்ததில்லை. துண்டின் அளவைச் சொல்லும் பின்னம் எதுவோ அதுதானே புரளும்.

கையால் செய்வது என்றேன். இதற்கு நான் பயன்படுத்துவது காகிதப் பட்டை. நீளம் சரியாக 24 சென்டிமீட்டர் இருக்கட்டும். 24-க்கு அரை 12, மூன்றில் ஒன்று 8, கால் 6, ஆறில் ஒன்று 4, அரைக்கால் 3, பன்னிரண்டில் ஒன்று 2. எல்லாமே முழு சென்டிமீட்டரில் வந்துவிடும்; அளவுகோலில் கோடுகளுக்கு நடுவே கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியதில்லை. 10 அல்லது 20 சென்டிமீட்டரில் பட்டை வெட்டினால் மூன்றில் ஒன்று வரும்போது வேலை நின்றுவிடும்.

இந்தப் பட்டையை வைத்துக்கொண்டு 2 ÷ 3/4 செய்தோம். என் அனுபவத்தில், இந்தப் பாடத்தின் உயிர் இந்த ஒரு கணக்கில்தான் இருக்கிறது.

இரண்டு பட்டைகளை முனையோடு முனை ஒட்டினோம்: மொத்தம் 48 சென்டிமீட்டர். முக்கால் பட்டை என்பது 18 சென்டிமீட்டர். அதற்கு நிறக் காகிதத்தில் ஓர் அளவுத் துண்டு வெட்டிக்கொண்டோம். அதை வைத்து ஒன்று, இரண்டு என்று அளந்து கோடு போட்டாள். 36 சென்டிமீட்டர் முடிந்தது. மூன்றாவது முறை வைத்தபோது அளவுத் துண்டு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மீதமிருந்தது 12 சென்டிமீட்டர். "பட்டையில் பாதி மிச்சம் மாமா. விடை இரண்டரை" என்றாள் நிச்சயமாக.

"விதிப்படி போட்டுப் பார்."

2 × 4/3 = 8/3. இரண்டும் மூன்றில் இரண்டும். அவள் முகம் மாறிவிட்டது. அளந்து பார்த்தது இரண்டரை என்கிறது, விதி வேறு சொல்கிறது. தான் அளந்ததில் பிழை என்று நினைத்து மறுபடி அளந்தாள். மறுபடியும் 12 சென்டிமீட்டர்தான். அளந்ததில் ஒரு பிசகும் இல்லை.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "பாதி என்றாயே, எதில் பாதி?"

சற்று நேரம் ஆனது. பிறகு நிறக் காகிதத்தை எடுத்து அந்த மீதியின் மேல் வைத்தாள். 18-இல் 12. மூன்றில் இரண்டு. மிச்சமிருப்பது முழுப் பட்டையில் பாதி. ஆனால் நாம் எண்ணிக்கொண்டிருப்பது பட்டைகளை அல்ல, முக்கால் பட்டைகளை. மூன்றாவது முக்காலில் எவ்வளவு கிடைத்தது என்றுதான் விடை சொல்ல வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தது. ஆகவே விடை இரண்டும் மூன்றில் இரண்டும். "மிச்சம் அரைப் பட்டை" என்பதும் உண்மை, "விடை 2 2/3" என்பதும் உண்மை. இரண்டும் வெவ்வேறு அலகில் பேசுகின்றன.

இதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. விதியை மட்டும் வைத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் இந்த இடத்தைக் கடந்தே போகமாட்டார்கள். அவர்களுக்கு மீதி என்ற ஒன்று கண்ணில் படுவதே இல்லை. நடைமுறையில் அளந்து வெட்டும் வேலை எதுவானாலும் இந்தக் கேள்வி வரும். இரண்டு மீட்டரில் முக்கால் மீட்டர்த் துண்டுகள் எத்தனை வெட்டலாம் என்றால், கையில் கிடைப்பது இரண்டு துண்டுகளும் அரை மீட்டர் மிச்சமும்தான். 2 2/3 என்பது கணக்கின் விடை. எந்த இடத்தில் எது வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் புரிதல்.

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரிடம், 1 3/4 ÷ 1/2 என்ற கணக்குக்கு ஒரு சூழல் சொல்லச் சொன்னேன். விடையை நொடியில் சொன்னார்: மூன்றரை. சூழல் கேட்டதும், "ஒன்றேமுக்கால் மீட்டர் துணியை இரண்டு பேர் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்கிறார்கள்" என்றார். அப்படிப் பிரித்தால் ஆளுக்கு முக்காலும் அரைக்காலும், அதாவது 7/8 மீட்டர்தான் கிடைக்கும். அது 2ஆல் வகுப்பது. பாதியாக வகுப்பது வேறு, அரையால் வகுப்பது வேறு. அவருடைய விடையும் அவருடைய கதையும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பதைக் காட்டியதும் வெகுநேரம் யோசித்தார். பிறகு, "ஒன்றேமுக்கால் மீட்டரில் அரை மீட்டர்த் துண்டுகள் மூன்று, மிச்சம் கால் மீட்டர், அது ஒரு துண்டில் பாதி. ஆகவே மூன்றரைத் துண்டு" என்று தானே கோத்துச் சொன்னார்.

இது அவருக்கு மட்டும் உள்ள சிக்கல் அல்ல. லிபிங் மா என்ற கணிதக் கல்வி ஆய்வாளர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவையும் சீனாவையும் சேர்ந்த தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் இதே 1 3/4 ÷ 1/2 கணக்கைக் கொடுத்தார். அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரில் 21 பேர் கணக்கைப் போட முயன்றார்கள். முழுமையாக முடித்துச் சரியான விடைக்கு வந்தவர்கள் 9 பேர். சீன ஆசிரியர்கள் 72 பேரும் சரியாகப் போட்டார்கள். கணக்குக்குப் பொருத்தமான சூழல் ஒன்றைச் சொல்லுங்கள் என்றபோது இடைவெளி இன்னும் விரிந்தது. பலர் சொன்ன கதை, அந்த இளைஞர் சொன்னதைப் போலவே, 2ஆல் வகுக்கும் கதையாக இருந்தது. அன்றாடம் கணக்கு சொல்லித் தருகிறவர்களுக்கே இது எளிதாக இல்லை என்றால், ஒரு குழந்தை இதில் தடுமாறுவதைப் பார்த்து யாரும் எரிச்சல்படக் கூடாது. விடை சரியா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், கணக்குக்கு ஒரு கதை சொல்லச் சொல்வதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். புரிந்திருக்கிறதா இல்லையா என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை.

பங்கு போடும் வகையை ஓரமாக வைத்தோமே, அது என்னவாயிற்று? அதற்கும் பின்னத்தில் இடமுண்டு; கேள்வியைச் சற்று மாற்ற வேண்டும், அவ்வளவுதான். "ஆளுக்கு எவ்வளவு" என்பதற்குப் பதிலாக "ஒரு முழுமைக்கு எவ்வளவு" என்று கேட்க வேண்டும். ஒரு பாதையில் ஐந்தில் இரண்டு பங்கு நடந்தாயிற்று. நடந்த தூரம் முக்கால் கிலோமீட்டர். முழுப் பாதை எவ்வளவு? இது 3/4 ÷ 2/5. ஐந்தில் இரண்டு பங்குதான் முக்கால் என்றால், ஐந்தில் ஒரு பங்கு அதில் பாதி: 3/8. முழுப் பாதை அதைப்போல் ஐந்து மடங்கு: 15/8, அதாவது 1 7/8 கிலோமீட்டர். 2ஆல் வகுத்தோம், 5ஆல் பெருக்கினோம். மறுபடியும் 5/2. வேறொரு வாசல் வழியாக வந்தும் அதே விதியில்தான் நிற்கிறோம்.

வேகம், நிரம்பும் நேரம் போன்ற கணக்குகள் எல்லாம் இந்த வகைதான். அரை மணி நேரத்தில் தொட்டியின் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பினால் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு என்றால், யாரும் சொல்லாமலேயே பிள்ளைகள் இரண்டால் பெருக்கி 4/3 என்கிறார்கள். "இதுவும் அரையால் வகுப்பதுதான்" என்று பிறகு சொன்னால் வியந்துபோகிறார்கள். தெரியாத பாடம் என்று அஞ்சிக்கொண்டிருந்தது, ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலையாக மாறிவிடுகிறது.

விதி நம்மிடம் இன்று நேற்று வந்ததல்ல. பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய நூலிலேயே, வகுக்கும் பின்னத்தின் தொகுதியையும் பகுதியையும் இடம் மாற்றிப் பெருக்கச் சொல்லியிருக்கிறார். பழைய சீனக் கணித நூலொன்றில் இருப்பது வேறு முறை: இரண்டு பின்னங்களையும் ஒரே பகுதிக்குக் கொண்டுவந்து, பிறகு தொகுதிகளை மட்டும் வகுப்பது. 263-இல் லியூ ஹுய் அந்த நூலுக்கு உரை எழுதினார். தொடக்கத்தில் கற்பவர்களுக்கு இந்த இரண்டாவது முறைதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. 2/3 ÷ 4/5 என்றால், 10/15 ÷ 12/15 என்று மாற்றிக்கொள்ளலாம். இரண்டும் பதினைந்தில் பங்குகள். 10-இல் 12 எத்தனை முறை அடங்கும்? ஒரு முறைகூட முழுதாக அடங்காது. 10/12, அதாவது 5/6. பதினைந்து என்ற பகுதி கணக்கிலிருந்தே விலகிக்கொள்கிறது, 6 மீட்டரை 2 மீட்டரால் வகுக்கும்போது மீட்டர் விலகிக்கொள்வதைப்போல. பின்னங்களைக் கூட்டவும் கழிக்கவும் பகுதியைச் சமமாக்கிப் பழகிய பிள்ளைக்கு, வகுத்தலுக்கு மட்டும் திடீரென்று வேறொரு உலகத்துக்குப் போக வேண்டியதில்லை. எண்கள் பெரிதானால் இது இழுக்கும் என்பது உண்மைதான். அப்போது புரட்டும் விதியின் அருமையும் தானாகத் தெரியும்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னொரு காரணமும் சொல்லலாம். வகுபடும் எண்ணையும் வகுக்கும் எண்ணையும் ஒரே எண்ணால் பெருக்கினால் ஈவு மாறாது. 12 ÷ 3-உம் 120 ÷ 30-உம் ஒன்றுதான். ஆகவே 3/4 ÷ 2/5-இல் இரண்டையும் 5/2ஆல் பெருக்கினால், வகுக்கும் எண் 1 ஆகிவிடும். 1ஆல் வகுக்க வேலையே இல்லை. மிஞ்சுவது 3/4 × 5/2. மேல்வகுப்பில் இயற்கணிதம் வரும்போது இந்த வழி கைகொடுக்கும். சிறியவர்களிடம் இதை முதலில் எடுத்துப் போனால் கண்ணில் சோர்வுதான் தெரிகிறது. பட்டை வெட்டி முடித்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்றாடப் பயிற்சியில் நான் விடாமல் கேட்பது, எழுதத் தொடங்கும் முன் ஒரு மதிப்பீடு. விடை 1-ஐவிடப் பெரிதா, சிறிதா? 7/8 ÷ 9/10 என்றால், அளக்கும் துண்டு அளக்கப்படும் பொருளைவிடச் சற்றே நீளம். ஆகவே விடை 1-க்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். முதல் பின்னத்தைப் புரட்டிவிட்டால் வருவது 36/35, 1-க்குச் சற்று மேலே. மதிப்பீடு செய்த பிள்ளைக்கு உடனே உறுத்தும். கலப்புப் பின்னத்தில் இது இன்னும் அவசியம். 5 ÷ 2 1/2 என்ற கணக்கில் சிலர் 2-ஐ அப்படியே விட்டுவிட்டு அரையை மட்டும் புரட்டுகிறார்கள். 2-உம் 2-உம் 4 என்று சேர்த்து, 5-ஐ நான்கால் பெருக்கி 20 என்கிறார்கள். ஐந்தில் இரண்டரை எத்தனை முறை அடங்கும் என்று வாய்விட்டுக் கேட்டால் போதும், அந்த 20 நிற்காது. கலப்புப் பின்னத்தை முதலில் தகா பின்னமாக, 5/2 என்று, மாற்றிக்கொண்டபிறகுதான் புரட்ட வேண்டும் என்று சொன்னால் அதன்பின் காதில் ஏறும். கடைசியில் ஈவை வகுத்த எண்ணால் பெருக்கிப் பார்ப்பதும் நல்லது. இதற்கு ஆகும் நேரம் மிகக் குறைவு.

அக்கா மகள் இவ்வளவும் பழகிய பிறகு ஒருநாள், "பெருக்கும்போது மேலோடு மேல், கீழோடு கீழ் பெருக்குகிறோமே, வகுக்கும்போது மட்டும் ஏன் அப்படி வகுக்கக் கூடாது?" என்று கேட்டாள். 8/15 ÷ 2/5-ஐ எடுத்துக்கொண்டு, 8 ÷ 2 = 4, 15 ÷ 5 = 3, விடை 4/3 என்று எழுதியும் காட்டினாள். விதிப்படி போட்டாலும் 4/3தான். இப்படி எழுதினால் தவறு என்று கோடு போட்டுவிடுகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். இது எப்போதும் செல்லுபடியாகும் முறை. எண்கள் மீதியின்றி வகுபடாதபோது அசௌகரியம், அவ்வளவுதான்.

"வகுபடாவிட்டால்?" என்றாள். 2/3 ÷ 4/5-ஐக் கொடுத்தேன். 2-ஐ நான்கால் வகுக்கவும் 3-ஐ ஐந்தால் வகுக்கவும் முடியாமல் நின்றாள். "2/3-க்குச் சமான பின்னம் ஒன்று கண்டுபிடி. மேலே நான்கால் வகுபட வேண்டும், கீழே ஐந்தால் வகுபட வேண்டும்" என்றேன். மேலும் கீழும் 20ஆல் பெருக்கி 40/60 என்று எழுதினாள். 40 ÷ 4 = 10, 60 ÷ 5 = 12. விடை 10/12. அந்த 10 எப்படி வந்தது என்று அவளே பின்னோக்கிப் பார்த்தாள்: 2-ஐ 20ஆல் பெருக்கி நான்கால் வகுத்தால், ஐந்தால் பெருக்கியதுதான் மிச்சம். கீழேயும் அப்படியே: 3-ஐ 20ஆல் பெருக்கி ஐந்தால் வகுத்தால், நான்கால் பெருக்கியதுதான் மிச்சம். நோட்டில் 2 × 5 என்று மேலேயும் 3 × 4 என்று கீழேயும் எழுதி, பக்கத்தில் 2/3 × 5/4 என்று எழுதினாள்.